சர்வர் ஏன் எழவில்லை?

பன்னிரண்டாம் வகுப்பு, கணினிப் பிரிவு மாணவியர்

‘சர்வர்’ என்றவுடன் நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவுக்கு வருபவர் நாகேஷ் அவர்களே. 1964ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் உணவு விடுதிப் பணியாளராக நடித்து அவர் சிரிக்க வைத்தார், அழவும் வைத்தார். எங்கள் கணினி ஆய்வுக்கூடத்திலும் ஒரு சர்வர் உண்டு. அதுவும் கேட்டதைக் கேட்டவுடன் கொண்டுவந்து முன்னே வைக்கும். பல மாதங்கள் எங்களை மகிழ்வித்த அது, பெற்றோர் தினத்தன்று காலையில் எங்களை அழ வைத்துவிட்டது. அக்கதையையும், அழுகையை நிறுத்திய பின் நாங்கள் கற்றுக்கொண்டதையும் இப்பக்கங்களில் கூற முற்படுகிறோம். கணினிப் பாடம் எடுக்காத தோழியருக்கும், அருட்சகோதரியருக்கும், பெற்றோருக்கும் விளங்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஆகவே, விஷயம் தெரிந்தவர்கள் சில இடங்களில் பொறுத்தருள்க!

தரவுத்தளம் என்பது யாது? பெயர் பெரிது, பொருள் எளிது. ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளைச் சேர்த்து வைத்திருக்கும் இடமே அது. நூலகத்தில் ஒரு பதிவேட்டில் நூல்களின் பெயர் இருக்கிறது. இன்னொன்றில் மாணவியரின் பெயர் இருக்கிறது. மூன்றாவதில் யார் எந்த நூலை எடுத்துச் சென்றார் என்ற கணக்கு இருக்கிறது. மூன்றையும் எண்களால் இணைத்துவிட்டால், ‘எட்டாம் வகுப்பில் யாரிடமிருந்து எந்த நூல் இன்னும் திரும்பவில்லை?’ என்ற கேள்விக்குக் கண் இமைக்கும் நேரத்தில் விடை கிடைக்கும். (இந்த விடையால் எட்டாம் வகுப்புத் தங்கையர் சிலர் எங்கள் மீது கோபமாக இருப்பதையும் நாங்கள் அறிவோம்.) இவ்வாறு அட்டவணைகளாகப் பிரித்து உறவுகளால் இணைக்கும் முறையை, ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற ஆங்கிலேயர் 1970ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கான மொழியை அதே நிறுவனத்தின் சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் 1974இல் அறிமுகப்படுத்தினர். அதுவே இன்று நாம் படிக்கும் எஸ்க்யூஎல்.

நாங்கள் பயன்படுத்தும் தரவுத்தள மென்பொருளின் பெயரில் ஓர் இனிய செய்தி ஒளிந்திருக்கிறது. 1995இல் மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் பின்லாந்து நாட்டைச் சேர்ந்த மைக்கேல் விடேனியஸ். அவருடைய மூத்த மகளின் பெயர் மை. ஆகவே அது மைஎஸ்க்யூஎல் ஆயிற்று! ‘என்னுடைய’ என்ற பொருளில் வந்தது என்றுதான் நாங்களும் இரண்டு ஆண்டுகளாக நினைத்திருந்தோம். பின்னர் அந்த மென்பொருள் 2008இல் சன் நிறுவனத்துக்கும், 2010இல் ஆரக்கிள் நிறுவனத்துக்கும் கைமாறியது. இதற்கிடையே 2009இல் விடேனியஸ் அதன் கிளையாக மற்றொன்றைத் தொடங்கி, இளைய மகள் மரியாவின் பெயரை அதற்குச் சூட்டினார். அதுவே மரியாடிபி. இரண்டும் அக்காள் தங்கை போலவே இருக்கும்; ஒரே கேள்விக்கு ஏறக்குறைய ஒரே விதமாய் விடை சொல்லும்; ஆனால் ஒரே வீட்டில் வைத்தால் சண்டையும் வரும். அந்தச் சண்டையும் எங்கள் கதையில் வருகிறது.

கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பி.எச்.பி.யும் மைஎஸ்க்யூஎல்லும் வருகின்றன அல்லவா? அவற்றைப் பழகுவதற்கு எக்ஸாம்ப் என்ற இலவசத் தொகுப்பை ஆய்வுக்கூடக் கணினியில் பதித்திருக்கிறார்கள். அதில் ஒரு கட்டுப்பாட்டுப் பலகை உண்டு. ‘ஸ்டார்ட்’ என்ற பொத்தானை அழுத்தினால் சர்வரின் பெயர் பச்சை நிறமாகும். அதன்பின் வேலை தொடங்கலாம். இந்தச் சர்வர் எங்கோ அமெரிக்காவில் இருப்பதன்று. அதே மேசையில், அதே பெட்டிக்குள், தனக்குத் தானே பேசிக்கொள்ளும் சர்வர். இணையம் அறுந்தாலும் அது வேலை செய்யும். பலகையில் ‘மைஎஸ்க்யூஎல்’ என்று எழுதியிருந்தாலும், 2015ஆம் ஆண்டு முதல் அத்தொகுப்பின் உள்ளே இருப்பது மரியாடிபிதான். கடையின் பெயர்ப்பலகையை மாற்றாமல் முதலாளி மட்டும் மாறியது போல!

சென்ற விடுமுறையில் எங்கள் வகுப்பினர் ஒன்பது பேர் நூலகத்தின் அக்செஷன் ரிஜிஸ்டர் முழுவதையும் இந்தத் தரவுத்தளத்தில் ஏற்றினோம். நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள். நூலின் பெயர், ஆசிரியர், வாங்கிய நாள், விலை ஆகியவை மட்டுமன்று. ‘அன்பளிப்பு’ என்ற பத்தியையும் விடாமல் ஏற்றினோம். அந்தப் பத்தியைப் படிப்பதே ஒரு கதை படிப்பது போலிருந்தது. இங்கே படித்துத் திருமணமாகிச் சென்ற அக்காமார் அனுப்பிய நூல்கள், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் விட்டுச் சென்ற நூல்கள், காலமான தம் மகளின் நினைவாக ஒரு தந்தை கொடுத்த பதினான்கு நூல்கள் எனப் பல இருந்தன. அந்தப் பதினான்கின் எதிரே மகளின் பெயரையும் அவள் படித்த வகுப்பையும் யாரோ ஒரு சகோதரி அழகிய கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

ஐப்பசி மழையில் நூலக அறையின் ஒரு மூலை ஒழுகியது. பழைய ரிஜிஸ்டரின் முதல் தொகுதி இரவு முழுவதும் நனைந்து, மை கரைந்து, பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. நூலகச் சகோதரி மிகவும் வருந்தினார். “பரவாயில்லை சிஸ்டர், எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு” என்று நாங்கள் பெருமையோடு சொன்னோம். அந்தப் பெருமைக்குத்தான் அடி விழுந்தது. ஏனெனில், அந்த விவரங்கள் அந்த ஒரு கணினியைத் தவிர வேறெங்கும் இல்லை. பிரதி எடுத்து வைக்கவேண்டும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம்!

பெற்றோர் தினத்துக்கு முதல்நாள் மாலை கணினி எதிரே இருவர் அமர்ந்து புதிய நூல்களை ஏற்றிக்கொண்டிருந்தனர். திடீரென்று மின்சாரம் போயிற்று. யூ.பி.எஸ். ஒருமுறை ‘பீப்’ என்று கூவிவிட்டு அதுவும் அடங்கிப் போயிற்று. அதன் பாட்டரியின் ஆயுள் முடிந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து ‘ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்தினோம். பெயர் மஞ்சளாகி, பச்சையாகாமல், சிவப்பு எழுத்துகள் சரசரவென ஓடின. பத்து மணிக்குப் பெற்றோர் நூலகத்தைப் பார்க்க வருவார்கள்.

அந்தச் சிவப்பு எழுத்துகள் கூறியதன் சாரம் இது: சர்வர் எதிர்பாராமல் நின்றுவிட்டது, வாயில் அடைபட்டிருக்கலாம், துணைக் கோப்புகள் இல்லாதிருக்கலாம், அனுமதி போதாதிருக்கலாம், செயலிழந்திருக்கலாம், அல்லது வேறு வழியில் நிறுத்தப்பட்டிருக்கலாம். எல்லாம் ‘லாம்’! நோயாளியைப் பார்த்த மருத்துவர், “காய்ச்சலாயிருக்கலாம், கால் முறிவாயிருக்கலாம்” என்று சொன்னால் எப்படியிருக்கும்? காரணம் எதுவானாலும் இந்தப் பலகை இதே வாசகத்தைத்தான் காட்டும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. இருபது முறையாவது பொத்தானை அழுத்தியிருப்போம். கணினியை அணைத்து ஏற்றினோம். பிறகு உலாவியில் நிர்வாகப் பக்கமான பி.எச்.பி.மைஅட்மினைத் திறந்து பார்த்தோம். அது இன்னும் பெரிய இடியை இறக்கியது: ‘ரூட் என்ற பயனருக்கு அனுமதி மறுக்கப்பட்டது’ என்றது! நேற்று வரை எங்களை உள்ளே விட்ட வாயிற்காவலர் இன்று ‘யார் நீங்கள்?’ என்று கேட்கிறார். யாரோ கணினிக்குள் புகுந்து கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள் என்று ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள்.

சற்று நிதானித்துப் பார்த்திருந்தால், எழாத சர்வர் எப்படி ‘அனுமதி இல்லை’ என்று பதில் சொல்லும் என்ற ஐயம் வந்திருக்கும். பதில் வருகிறதென்றால் உள்ளே யாரோ ஒருவர் விழித்துக்கொண்டு இருக்கிறார் என்பதுதானே பொருள்? அந்த ‘யாரோ’ யார்?

இங்கே ‘போர்ட்’ என்பதைச் சிறிது விளக்க வேண்டும். ஒரு கணினிக்குள் பல நிரல்கள் ஒரே சமயத்தில் வேலை செய்கின்றன. வெளியிலிருந்து வரும் கேள்வி யாருக்கு உரியது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. நம் பள்ளி அலுவலகத்தில் கட்டணத்துக்கு ஒரு சன்னல், சான்றிதழுக்கு ஒரு சன்னல் என்று இருப்பது போல. மைஎஸ்க்யூஎல்லும் மரியாடிபியும் வழக்கமாக அமரும் சன்னல் 3306. ஒரு சன்னலில் ஒரே சமயத்தில் ஒருவர்தான் அமர முடியும். இரண்டாவதாக வருபவர் ‘இடமில்லை’ என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்தவுடன் வந்த முதல் வரிகளிலேயே, 3306ஆம் போர்ட்டை வேறொருவர் பிடித்திருக்கிறார் என்று அது எழுதியிருந்தது. நாங்கள் அதைப் படிக்காமலே கீழே தள்ளிவிட்டோம்.

கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ‘நெட்ஸ்டாட்’ என்ற கட்டளையை ‘-ஏஎன்ஓ’ என்ற குறிப்போடு கொடுத்தால், எந்தச் சன்னலில் எந்த எண்ணுடைய நிரல் அமர்ந்திருக்கிறது என்ற பட்டியல் வரும். அந்த எண்ணை டாஸ்க் மேனேஜரில் தேடினால் நிரலின் பெயர் கிடைக்கும். தேடினோம். அங்கே அமர்ந்திருந்தது அக்காள் மைஎஸ்க்யூஎல்! முதல்நாள் பிற்பகல் மற்றொரு குழுவினர் தங்கள் செயல்திட்டத்துக்காக அதைத் தனியாகப் பதித்திருக்கிறார்கள். அப்படிப் பதிக்கப்படும் மைஎஸ்க்யூஎல் விண்டோசின் ‘சர்வீஸ்’ பட்டியலில் சேர்ந்துகொண்டு, கணினி எழும்போதெல்லாம் தானும் எழுந்துவிடும். மின்சாரம் போய் வந்தபின் கணினி எழுந்தது. அக்காள் முதலில் சன்னலில் அமர்ந்துவிட்டாள். எங்களுக்கு ‘அனுமதி இல்லை’ என்று சொன்னவளும் அவளே. அவளுக்கு எங்கள் நூல்களும் தெரியாது, எங்கள் கடவுச்சொல்லும் தெரியாது. யாரும் புகவில்லை, எதுவும் திருட்டுப் போகவில்லை! சர்வீசஸ் சாளரத்தில் அதை நிறுத்தி, ‘தானாக எழு’ என்பதை ‘சொன்னால் எழு’ என்று மாற்றினோம். (பிறகு அந்தக் குழுவினர் சண்டைக்கு வந்தனர். அவர்களுடைய சர்வருக்கு 3307ஆம் எண்ணைக் கொடுத்துச் சமாதானம் செய்தோம். எண்ணை மாற்றுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: சர்வரோடு பேசும் நிரல்களிலும் அந்தப் புதிய எண்ணை எழுதவேண்டும். இல்லாவிட்டால் ஆளில்லாத சன்னலைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.)

வெற்றி என்று எண்ணி ‘ஸ்டார்ட்’டை அழுத்தினோம். மீண்டும் அதே சிவப்பு! அதே வாசகம்!

அப்போது மணி ஒன்பது. எங்களுள் ஒருத்தியின் அண்ணன் பொறியியல் கல்லூரியில் படிக்கிறார். அலுவலகத் தொலைபேசியில் அவரைக் கேட்டோம். “டேட்டா ஃபோல்டருக்குள்ள ஐபிடேட்டா1னு ஒரு ஃபைல் இருக்கும். அதை அழிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணு, எழுந்துக்கும்” என்றார். அழிப்பதற்குக் கையும் வைத்துவிட்டோம். அந்நேரம் நூலகச் சகோதரி உள்ளே வந்தார். அவர் கணினியைத் தொட்டதே இல்லை.

“என்னம்மா, ஏதோ அழிக்கணும்னு பேசிக்கிறீங்களே?”

“ஒரே ஒரு ஃபைல்தான் சிஸ்டர். அழிச்சா சரியாயிடுமாம்.”

“கிழிஞ்ச புத்தகத்தை பைண்டிங்குக்கு அனுப்புறதுக்கு முன்னாடி பக்கத்தை எண்ணி எழுதி வச்சுக்குவோம், இல்லையா? இதுக்கு அப்படி ஒண்ணும் கிடையாதா?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உண்டு! சர்வர் நின்றிருக்கும்போது அதன் ‘டேட்டா’ அடைவு முழுவதையும் அப்படியே வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிடலாம். பின்னர் என்ன தவறு செய்தாலும் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப வர முடியும். இதற்கு நான்கு நிமிடமே ஆயிற்று. காலையில் வந்தவுடன் செய்திருக்க வேண்டிய முதல் வேலையை ஒரு மணி நேரம் கழித்துச் செய்தோம்.

பிரசவ விடுப்பில் இருக்கும் எங்கள் கணினி மிஸ்ஸை, தொந்தரவு செய்கிறோமே என்ற தயக்கத்தோடு, அழைத்தோம். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “லாக்கைப் படிச்சீங்களா? கடைசியிலேருந்து மேல போங்க.”

சர்வர் ஒவ்வொரு முறை எழும்போதும் விழும்போதும் தான் செய்ததைத் தானே ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. எக்ஸாம்பில், மைஎஸ்க்யூஎல் அடைவினுள் ‘டேட்டா’ அடைவில், ‘மைஎஸ்க்யூஎல் எரர்’ என்ற பெயரில் அந்தக் கோப்பு இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பலகையிலும் ‘லாக்ஸ்’ என்ற பொத்தான் உண்டு. பலகையின் ‘லாம்’ எல்லாம் இங்கே கிடையாது; உள்ளது உள்ளபடி இருக்கும். எனினும், அதைப் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. கடைசி வரியில் ‘கைவிடுகிறேன்’ என்று மட்டும் இருக்கும், அதனால் பயனில்லை. கடைசியாக எழ முயன்ற நேரத்தைக் கண்டுபிடித்து, அந்த முயற்சியில் ‘எரர்’ என்று குறிக்கப்பட்ட முதல் வரியைத் தேட வேண்டும். அதன்பின் வரும் பிழைகள் பெரும்பாலும் முதற்பிழையின் பிள்ளைகளே. எங்கள் லாக்கில் அந்த முதல் வரி, ஆரியா என்ற பகுதியின் மீட்பு தோல்வியடைந்தது, ஆரியா அட்டவணைகளைச் செப்பனிட்டு அதன் லாக் கோப்புகளை நீக்கவும் என்றது. காரணத்தோடு மருந்தையும் எழுதி வைத்திருந்தது!

ஆரியா யார்? அட்டவணைகளை வட்டில் எழுதிக் காக்கும் பொறுப்பு, ‘எஞ்சின்’ எனப்படும் உட்பகுதிகளுக்கு உரியது. மரியாடிபியில் நம் நூல்களைப் போன்ற முக்கிய விவரங்களைப் பெரும்பாலும் காப்பது இன்னோடிபி என்ற எஞ்சின். பயனர்கள், அனுமதிகள் போன்ற உள்வீட்டுக் கணக்குகளைக் காப்பது ஆரியா. அதற்கும் முதலில் மரியா என்றே பெயரிருந்தது. தரவுத்தளத்துக்கும் அதே பெயர் வந்து குழப்பமானதால் முதல் எழுத்தை இழந்து ஆரியா ஆயிற்று.

மின்சாரம் திடீரென்று போனால் இந்த எஞ்சின்களுக்கு என்ன நேர்கிறது? வணிகவியல் தோழியருக்கு இது எளிதில் புரியும். கடைக்காரர் ஒவ்வொரு நடவடிக்கையையும் முதலில் குறிப்பேட்டில் எழுதுகிறார். பிறகே பேரேட்டில் பதிகிறார். பேரேட்டில் பதியும்போது விளக்கு அணைந்தால் நட்டமில்லை. விளக்கு வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து விட்டதைப் பதியலாம். பாதியில் நின்ற நடவடிக்கையை அடித்துவிடலாம். தரவுத்தளமும் இவ்வாறே முதலில் லாக்கில் எழுதுகிறது. பிறகே அட்டவணையில் எழுதுகிறது. மீண்டும் எழும்போது லாக்கைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இத்தகைய மீட்புக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டாகப் படிக்கப்படும் ‘ஏரீஸ்’ என்ற முறையை விளக்கும் கட்டுரை 1992இல் வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர் ஐ.பி.எம். ஆய்வாளர் சி. மோகன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர், நம் தமிழ்நாட்டவர்! பாடநூலில் எங்கோ அயல்நாட்டார் செய்தது என்று எண்ணிப் படித்த எங்களுக்கு இது பெரிய வியப்பாயிருந்தது.

எங்கள் கதையில் நேர்ந்தது என்னவெனில், குறிப்பேடே சேதமாகிவிட்டது. ஆரியாவின் லாக், எழுதிக்கொண்டிருக்கும்போது அறுந்துவிட்டது. அதைப் படிக்க முடியாமல் ஆரியா நின்றது. ஆரியா இல்லாமல் சர்வரும் நின்றது. இன்னோடிபியின் பேரேட்டிலோ குறிப்பேட்டிலோ ஒரு குறையும் இல்லை. மிஸ் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, முதலில் ஆரியாவின் அட்டவணைகளைச் செப்பனிடும் ‘ஆரியா செக்’ என்ற கருவியை ஓட்டினோம். பின்னர் ஆரியாவின் லாக் கோப்பையும் லாக் கட்டுப்பாட்டுக் கோப்பையும் வேறோர் அடைவுக்கு நகர்த்தினோம். அழிக்கவில்லை, நகர்த்தினோம்! ‘ஸ்டார்ட்’டை அழுத்தினோம். மஞ்சள்... பச்சை!

கைதட்டுவதற்கு முன் எண்ணிப் பார்த்தோம். 4,216 நூல்கள். ‘அன்பளிப்பு’ பத்தியில் அந்த மகளின் பெயரைத் தேடினோம். பதினான்கு வரிகளும் வந்தன. சகோதரி திரையின் அருகே குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மின்சாரம் போன மாலையில் படிவத்தில் நிரப்பி, சேமிக்கும் பொத்தானை அழுத்தாமல் விட்ட இருபத்து மூன்று நூல்கள் மட்டும் இல்லை. அவை தரவுத்தளத்துக்குள் போகவே இல்லை; ஆகவே அதைக் குறை கூற முடியாது. நிரப்பியவளைக் கூறலாம்!

அண்ணன் சொன்னபடி அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதைப் பிறகு, நகலெடுத்த அடைவை வேறொரு கணினியில் வைத்துச் செய்தே பார்த்தோம். ஐபிடேட்டா1 கோப்பில்தான் எந்த அட்டவணை எங்கே இருக்கிறது என்ற இன்னோடிபியின் அகராதி இருக்கிறது. அதையும் உடனிருக்கும் இன்னோடிபி லாக்கையும் நீக்கினால் சர்வர் எழுந்துவிடும். அண்ணன் சொன்னது பொய்யன்று. வெறும் புதிய அகராதியோடு எழும். அட்டவணையின் பெயர் பட்டியலில் தெரியும். திறந்தால் ‘எஞ்சினில் அப்படி ஒன்று இல்லை’ என்று 1932ஆம் எண் பிழை வரும். பச்சை விளக்கும் எரியும், நூலகமும் காலியாயிருக்கும். சர்வர் எழுவது ஒன்று. விவரம் பிழைப்பது வேறொன்று. எழுவதை மட்டும் பார்க்கும் வைத்தியங்களே எங்கும் மலிந்து கிடக்கின்றன.

இன்னோடிபியே சேதமடைந்திருந்தால்? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. அமைப்புக் கோப்பில் ‘இன்னோடிபி ஃபோர்ஸ் ரெக்கவரி’ என்ற வரியைச் சேர்த்து, அதற்கு 1 முதல் 6 வரை ஓர் எண்ணைக் கொடுக்கலாம். எண் ஏற ஏறச் சர்வர் கண்ணை மூடிக்கொண்டு எழும். 1இல் தொடங்கி ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும். 4ஐ எட்டினாலோ அதற்கு மேல் போனாலோ விவரங்கள் நிரந்தரமாகக் கெடக்கூடும். எழுந்தவுடன் செய்ய வேண்டியது, விவரங்களை வெளியே எடுத்துப் பத்திரப்படுத்துவது மட்டுமே. அந்நிலையில் தினசரி வேலையைத் தொடரக் கூடாது.

வேறு காரணங்களும் உண்டு. வட்டில் இடமில்லாமல் போனால் சர்வர் எழாது. எங்கள் கணினியில் ஆண்டுவிழா நடனக் காணொளிகள் நிரம்பியபோது ஒருநாள் அப்படி ஆகவிருந்தது. அமைப்புக் கோப்பில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் எழாது; தெரியாத சொல் என்று லாக்கில் அதையே சுட்டிக்காட்டும். டேட்டா அடைவில் எழுதும் அனுமதி இல்லாவிட்டாலும் அவ்வாறே. எதுவானாலும் லாக் சொல்லிவிடும் என்பதால் இவற்றை நீட்டவில்லை.

அன்று பத்து மணிக்குப் பெற்றோர் வந்தார்கள். ஒரு தாயார் தாம் படித்த காலத்தில் அன்பளித்த நூல் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் இருந்தது.

இப்போது வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், ‘மைஎஸ்க்யூஎல் டம்ப்’ என்ற கருவியால் தரவுத்தளம் முழுவதையும் ஒரே எழுத்துக் கோப்பாக எடுத்து இரண்டு பென் டிரைவ்களில் பதிகிறோம். ஒன்று ஆய்வுக்கூடத்தில், மற்றொன்று சகோதரியின் அலமாரியில், சாவிக்கொத்தோடு. மாதம் ஒருமுறை அந்தக் கோப்பை வேறு கணினியில் ஏற்றி, எண்ணிக்கை சரியாக வருகிறதா என்றும் பார்க்கிறோம். மாலையில் கட்டுப்பாட்டுப் பலகையில் ‘ஸ்டாப்’பை அழுத்திப் பச்சை மறைந்த பிறகே கணினியை அணைக்கிறோம். சகோதரி ஒரு பழைய நோட்டில் தேதியும் நூல்களின் எண்ணிக்கையும் எழுதி எங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். சென்ற வெள்ளியன்று எண் 4,251.

யூ.பி.எஸ். பாட்டரிக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். இம்மலர் அச்சுக்குப் போகும்வரை பாட்டரி வந்து சேரவில்லை என்பதைத் தாளாளர் அவர்களின் அன்பான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறோம்.